பெயர் நீக்கப்பட்ட வாக்குமூலம்

கத்தி இல்லாததால் செயலாளர் இரும்பு ஸ்கேலால் கேக் வெட்டிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில்தான் தையல்காரி படியேறி வந்தாள். சலாம் சொல்லவில்லை, உட்காரவும் இல்லை. நேராக என் மேசைக்கு வந்து, கீபோர்டின் மேல் தன் போனை வைத்து ஒரு குரல் பதிவை ஓடவிட்டாள். வயதான ஒரு பெண்ணின் குரல். பின்னால் தகரக் கூரையில் மழை விழும் சத்தம். "நான் வரல. ரேகையும் வைக்கமாட்டேன். நீ கிளம்பி இங்க வந்துரு. இங்க பசிதான். அங்க உன் தலையில ஊத்துறாங்க."

பதிவு முடிந்ததும் போனை எடுத்துக்கொண்டாள். செயலாளர் விவரம் புரியாமல் ஒரு துண்டு கேக்கை அவளிடம் நீட்டியபடி நின்றார்.

மெத்தைக் கடைக்கு மேல் இருக்கும் எங்கள் அலுவலகத்தில் மூன்று பேர். முஸ்லிம்கள் மேல், அதிலும் அகதிகளாக வந்தவர்கள் மேல் நடக்கும் அடி, ஏச்சு, மிரட்டல் எல்லாவற்றையும் எழுதி வாங்கி, சட்டம் போடுகிறவர்கள் முன்னால் கொண்டுபோய் வைப்பது வேலை. செயலாளருக்கு நாங்கள் வைத்த பெயர் தீர்மானம். டீயில் சர்க்கரை குறைந்தால் அதற்கும் ஒரு தீர்மானம் போடுவார். வக்கீலம்மா வாரத்தில் மூன்று நாள் வருவாள். நான் கேட்டு எழுதுகிறவன். அதற்கு முன் ஒன்பது வருஷம் ஒரு கிடங்கில் ராத்திரி ஷிஃப்ட் பார்த்தேன். ஒருநாள் பாதி ஷிஃப்டில் எழுந்து வெளியே வந்தவன் திரும்பிப் போகவில்லை. என் அக்கா இப்போதும் போனில் கேட்பாள், ஊரான் அழுகையை டைப் அடிக்கிறதெல்லாம் ஒரு உத்தியோகமாடா என்று. மாதத்துக்கு ஒருமுறை கேட்பாள். புகார் சொல்வதற்காக அல்லாமல் எனக்குப் போன் செய்கிற ஆள் அவள் ஒருத்திதான்.

தையல்காரி எங்களிடம் வந்தது நான்கு மாதம் முன்பு. பள்ளிச் சீருடை தைக்கிற இடத்தில் வேலை. வேலை முடிந்து பஸ்ஸில் போகும்போது பின் சீட்டில் இருந்தவன் ஒரு பாட்டில் கோலாவை அவள் தலையில் மெதுவாக ஊற்றியிருக்கிறான். ஊற்றிக்கொண்டே பேசியிருக்கிறான். அவன் பேசியதையும் எழுதினேன், ஒரு சொல் விடாமல். டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தார். அவள் எழுந்திருக்கவில்லை. முக்காடு நனைந்து முதுகில் ஒட்டிக்கொள்ள, ஆறு நிறுத்தம் உட்கார்ந்திருந்தாள். ஏன் என்று கேட்டேன். "தப்பு பண்ணவதான் பாதியில எந்திரிச்சுப் போவா. எங்கம்மா சொல்வாங்க" என்றாள். அப்படியே எழுதிக்கொண்டேன்.

எங்கள் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். வாக்குமூலத்தில் இருந்து எதையெல்லாம் எடுக்க வேண்டும் என்ற பட்டியல். பெயர், தெரு, வேலை செய்யும் இடம், வயது, வந்த நாடு, பிள்ளைகள் எத்தனை. எல்லாவற்றையும் எடுத்தேன். மிஞ்சியது ஒரு பெண், ஒரு பஸ். வக்கீலம்மா படித்துவிட்டு, "அந்த அம்மா சொன்ன வரி இருக்கட்டுமா?" என்று கேட்டாள். பட்டியலில் இல்லாததில் கை வைக்கக் கூடாது என்பதுதானே விதி என்றேன். விதி ஒருபக்கம் இருக்கட்டும். பாதி ஷிஃப்டில் எழுந்து வந்தவனை அந்த வரி விடவில்லை, அவ்வளவுதான்.

சட்டமன்ற விசாரணைக் குழுவில் வக்கீலம்மாதான் அதை வாசித்தாள். இங்கே தங்குவதற்கான காகிதம் இல்லாதவர்கள் புகார் கொடுக்க முடியாது, பெயர் சொல்லவும் பயம். அதனால் இப்படி நடந்தால் பஸ் டிரைவரே பதிவு செய்ய வேண்டும், பாதிக்கப்பட்டவரிடம் எந்தக் காகிதமும் கேட்கக் கூடாது என்பது எங்கள் கோரிக்கை. எதிர்த்தரப்பு, இவர்கள் கதை கட்டுகிறார்கள் என்று காலையில் இருந்தே சொல்லிக்கொண்டிருந்தது. அதுவரை போனைத் தடவிக்கொண்டிருந்த உறுப்பினர்கள் அந்த வரி வந்தபோது தலையைத் தூக்கினார்கள். ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்தில் கோரிக்கை நிறைவேறியது. அதற்குத்தான் கேக்.

வாசித்த வீடியோவை ஒரு நிமிஷத்துக்கு வெட்டியவன் நான். அந்த வரி முதலில் வருகிற மாதிரி வெட்டினேன். மற்றவர்களும் தைரியமாக முன்வரட்டும் என்று எல்லா அகதிக் குழுக்களுக்கும் அனுப்பினேன். அது குழு குழுவாகத் தாவி, கடல் தாண்டி, அவள் அம்மா இருக்கும் முகாமுக்குப் போய்விட்டது. பக்கத்து அறைக்காரி காட்டியிருக்கிறாள். கோட்டுப் போட்ட யாரோ ஒரு வக்கீல் வாயில் இருந்து தன் சொந்த வார்த்தை வருவதை அந்த அம்மா கேட்டிருக்கிறாள். நனைந்தது யார் முக்காடு என்று அவளுக்கு வேறு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நான்கு வருஷமாக மகள் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும், இங்கே எல்லோரும் நல்லவர்கள், ஒருத்தரும் குரல் உயர்த்திப் பேசுவதில்லை என்று சொல்லிவந்திருக்கிறாள். போலீஸிடமிருந்து மறைத்தோம், முதலாளியிடமிருந்து, வீட்டுக்காரனிடமிருந்து மறைத்தோம். அம்மாவிடமிருந்து மறைக்க வேண்டும் என்று எங்கள் மூன்று பேர் மண்டையிலும் உறைக்கவில்லை.

அம்மாவை இங்கே வரவழைக்கும் அனுமதி போன வாரம்தான் வந்திருந்தது. வியாழக்கிழமைக்குள் முகாம் அலுவலகத்தில் கைரேகை வைக்க வேண்டும். தவறினால் பெயர் வரிசையின் கடைசிக்குப் போய்விடும். இன்னொரு நான்கு வருஷம் தாங்குகிற நுரையீரல் இல்லை அந்த அம்மாவுக்கு. அன்று செவ்வாய்.

"அண்ணே, நீங்க எங்கம்மாகிட்டப் பேசணும்" என்றாள். "அது நான் இல்லன்னு சொல்லணும்."

"நீயே சொல்லேன்மா."

"நான் சொன்னதெல்லாம் பொய்னுதான் இப்பத் தெரிஞ்சுபோச்சே. எழுதுன ஆளு சொன்னா நம்புவாங்க."

செயலாளர் ஸ்கேலைக் கீழே வைத்தார். நிதானமாகத்தான் பேசினார். அவள் கஷ்டம் அவருக்குப் புரிகிறது, ஆனால் நம் வாயில் இருந்து வருகிற ஒவ்வொரு சொல்லும் உண்மை என்பதுதான் நமக்கு இருக்கிற ஒரே சொத்து என்றார். வக்கீலம்மா இன்னும் வெளிப்படையாகச் சொன்னாள். போனின் அந்தப் பக்கம் யாராவது பேச்சைப் பதிவு செய்து, எழுதியவனே இது நடக்கவில்லை என்கிறான் பார் என்று பரப்பினால் ஒரு ஓட்டில் வந்தது ஒரு நாளில் போய்விடும். செயலாளர் கடைசியாக என்னைப் பார்த்துச் சொன்னார். "நடக்கவே இல்லைன்னு சொல்லத்தான் ஊர்ல ஆயிரம் பேர் இருக்கானுங்களே. நாமளும் சேரணுமா?"

அவர் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. பிறகு அவர் கேக்கை ஒரு டிஷ்யூவில் சுற்றி அவள் கையில் கொடுத்தார். அவளும் வாங்கிக்கொண்டாள். அவள் படியிறங்கும் சத்தம் பாதி வரை கேட்டது. மேல்கோட்டை மாட்டிக்கொண்டு நானும் இறங்கினேன்.

அவள் அறை மூன்றாம் மாடியில். யாரையோ பார்க்க ஒரு வீட்டுக்குள் நான் போய் எத்தனை நாளாயிற்று என்று யோசித்தேன், ஞாபகம் வரவில்லை. ஜன்னலோரம் தையல் மெஷின். தைக்க வேண்டிய நீல பாவாடைகள் நாற்காலியில் குவிந்திருந்தன. அவற்றைத் தூக்கிவிட்டு என்னை உட்காரச் சொன்னாள். இரண்டு கட்டில்கள். அம்மாவுக்காக வாங்கிய ஒன்றில் மெத்தையின் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. அதில் போய் உட்கார்ந்து, ஒரு பாவாடையை மடியில் போட்டு, குண்டூசிகளை உதட்டில் கவ்விக்கொண்டு விளிம்பை மடிக்க ஆரம்பித்தாள். கை சும்மா இருந்தால் அழுதுவிடுவாள் போலிருந்தது. அவள் போனில் நான்தான் அம்மாவை வீடியோவில் அழைத்தேன்.

திரையில் ஒரு நெற்றியும் ஒரு கண்ணும் தெரிந்தன. சலாம் சொல்லி, நான் யார் என்று சொன்னேன். அந்த வாக்குமூலம் உங்கள் மகளுடையது இல்லை, வேறொரு பெண்ணுடையது என்றேன். குரல் நடுங்கவில்லை. எனக்கே ஆச்சரியம்.

"அது என் வார்த்தை தம்பி" என்றாள் அந்த அம்மா.

எல்லா அம்மாக்களும் சொல்வதுதான், எத்தனையோ பேர் சொல்லி நான் எழுதியிருக்கிறேன் என்றேன். அதுவும் பொய். ஒருத்திகூடச் சொன்னதில்லை.

கண் என்னையே பார்த்தது. இருமல் வந்தது, போன் ஆடியது, கொஞ்ச நேரம் தகரக் கூரை தெரிந்தது. பிறகு மறுபடி கண்.

"சரி. வேற பொண்ணுன்னே வச்சுக்குவோம்" என்றாள். "அந்தப் பொண்ணு பக்கத்துல யாராச்சும் வந்து உக்காந்தாங்களா?"

எங்கள் படிவத்தில் முப்பத்தோரு கேள்விகள் உண்டு. ஊற்றியவனின் உயரம் கேட்போம். சட்டை நிறம் கேட்போம். இதை நாங்கள் கேட்டதில்லை. நான் தையல்காரியைப் பார்த்தேன். அவள் குனிந்த தலையை நிமிர்த்தாமல் இல்லை என்று ஆட்டினாள்.

"உக்காந்தாங்கம்மா" என்றேன். "உங்க வயசு இருக்கும் ஒரு அம்மா."

"பேசினாங்களா?"

"இல்ல. சும்மா உக்காந்திருந்தாங்க. அந்தப் பொண்ணு இறங்குற வரைக்கும்."

"எப்படி இருந்தாங்க?"

யாருடைய வாக்குமூலத்திலும் ஒரு கமாகூட நான் கூட்டிப் போட்டதில்லை. பழுப்பு நிறக் கோட்டு என்றேன். மடியில் பை. மூச்சு வாங்கியது, ஓடிவந்து ஏறியிருக்க வேண்டும். பைக்குள் இருந்து ஒரு துண்டை எடுத்து அந்தப் பெண்ணின் தோளில் போட்டார்கள். தடையில்லாமல் வந்துகொண்டே இருந்தது.

தையல்காரி உதட்டில் இருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பாவாடையில் குத்தி வைத்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது.

"ஜன்னல் பக்கமா, நடக்குற பக்கமா?" என்று கேட்டாள் அந்த அம்மா.

"நடக்குற பக்கம். யாரும் நெருங்க முடியாத மாதிரி."

கட்டிலில் பிளாஸ்டிக் சரசரத்தது. தையல்காரி சுவர்ப்பக்கமாகக் கொஞ்சம் நகர்ந்து, இன்னும் கொஞ்சம் நகர்ந்து, மடியில் இருந்த துணியைத் தன் பக்கமாக ஒதுக்கி, நடக்கிற பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும் அளவு இடம் விட்டாள்.