கொசு முட்டைக்கு ஒரு திருத்தம்

ஆராய்ச்சிக்கூடத்தில் பதினோரு வருஷம் கொசு முட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தவள், ஒரு நாள் வேலையை உதறிவிட்டு வானொலியில் அறிவியல் பேசப் போனாள். வீட்டில் யாரும் முகம் சுளிக்கவில்லை. "கொசுராணி எங்க போனாலும் பொழைச்சுக்குவா," என்று அப்பா சிரித்ததோடு சரி. கோபித்துக்கொண்டது ஒருத்திதான், பக்கத்து மேசைத் தோழி. கட்டுரையில் ஒரு புள்ளி இடம் மாறினாலும் கண்டுபிடித்துவிடுவாள் என்பதால் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர்.

"நான் இங்க தனியா முட்டை எண்ணிக்கிட்டுக் கிடக்கணும், நீ மைக் முன்னாடி உக்காந்து கதை அளக்கப் போறியா? போ, நல்லா இரு."

அதுதான் கடைசிப் பேச்சு. ஆறு மாதமாகப் போனை எடுப்பதில்லை, அனுப்பிய செய்திக்கும் பதில் இல்லை. ஒரே டிபன் டப்பாவில் சாப்பிட்டவர்கள், மனசு கேட்குமா? புது வேலை கொசுராணிக்கு வெல்லமாய் இனித்தது. "அதனாலதான் என்னை மட்டும் கடிக்குதா?" என்று நேயர்கள் வியக்கும்போது உச்சி குளிர்ந்துவிடும். ஆனால் நிகழ்ச்சி முடிந்து ஹெட்போனைக் கழற்றும்போதெல்லாம், இதை அவள் கேட்டிருக்க மாட்டாளே என்று போனை எடுத்துப் பார்ப்பாள்.

அந்தச் சனிக்கிழமை காலை பழைய குறிப்பேட்டைப் புரட்டியவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. காய்ந்த தொட்டியில் ஒட்டிக்கிடக்கும் முட்டை எட்டு மாதம் வரைகூடத் தாங்கும். போன வாரம் நேரலையில் எட்டு வாரம் என்று உளறியிருக்கிறாள்!

இன்றைய நிகழ்ச்சியிலேயே திருத்திச் சொல்லிவிட வேண்டும் என்று தயாரிப்பாளரிடம் போய் நின்றாள். நல்ல மனிதர்தான். "யாரு மேடம் கவனிச்சிருக்கப் போறாங்க? தப்பு பண்ணிட்டோம்னு நாமளே தண்டோரா போடணுமா?" என்றார்.

"ரெண்டு மாசம் ஆச்சேன்னு தொட்டியைத் தேய்க்காமத் தண்ணி பிடிப்பாங்க சார். எனக்குச் சோறு இறங்காது."

நேரலை தொடங்கியதற்கான சிவப்பு விளக்கு எரிந்தது. ஆராய்ச்சிக்காரப் புத்தி லேசில் போகுமா? எத்தனையாவது நிமிடத்தில் என்ன சொன்னாள், சரியான எண் எது என்று, ஆய்விதழில் பிழைதிருத்தம் போடுவதுபோல ஒப்பித்தாள். "தப்பு என்னோடது. தொட்டி எத்தனை மாசம் காஞ்சு கிடந்தாலும், நல்லா தேய்ச்சுக் கழுவிட்டுத் தண்ணி பிடிங்க." கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தயாரிப்பாளர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

உடனே நேயர் அழைப்பு ஒன்று வந்தது.

"ஒரு வழியா திருத்திட்டீங்க, சந்தோஷம். ஆனா மூணாவது வார நிகழ்ச்சியிலயும் ஒரு தப்பு இருக்கு."

பூதக்கண்ணாடியேதான்! நேரலை, நேயர்கள் எல்லாம் கொசுராணிக்கு மறந்தே போயிற்று.

"அடிப்பாவி! மூணாவது வாரத்துலேருந்தா கேக்குற?"

"மொத வாரத்துலேருந்து." எதிர்முனையில் தாள் புரளும் சத்தம் கேட்டது. "தப்பையெல்லாம் நோட்டுல எழுதி வெச்சிருக்கேன். கூப்பிடத்தான் ஒரு சாக்கு கிடைக்கல."

கொசுராணிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. மைக்கை அணைக்கக்கூடத் தோன்றவில்லை.

"எத்தனை பக்கம்டி?"

"நாலு. சாயந்திரம் வீட்டுல இரு, எடுத்துட்டு வரேன்."