மாசாணத்தின் லைன் கிளியர்

“அவரேதான் சொல்லோணுங்க. நீங்க சொன்னா நான் போட முடியாது, பஷீரண்ணா.”

“கம்பத்துல ஆரும் இல்லீங்க அம்மணி. ஏணியெல்லாம் எறக்கிப்போட்டேன். கம்பியும் சேத்தியாச்சு. போடுங்க.”

“போனை மாசாணத்தண்ணன்கிட்ட குடுங்க.”

“அவரு கொஞ்சம் தள்ளி இருக்காருங்க.”

கணபதி துணைமின் நிலையத்தில், கைப்பேசியைத் தோளில் இடுக்கியபடி அன்புச்செல்வி சுவிட்சின் முன்னால் நின்றிருந்தாள். அதில் சிவப்பு அட்டை தொங்கியது: ஆள் வேலை செய்கிறார், போடாதே. காலையில் விழுந்த ட்ரோன் அறுத்த கம்பியை இணைக்க லைன் கிளியர், அதாவது மின்சாரத்தை நிறுத்தி வேலை செய்யும் அனுமதி, வாங்கியவர் லைன்மேன் மாசாணம்; பஷீர் அவருடைய உதவியாள். வாங்கியவரே தம் வாயால் திருப்பித் தரும்வரை மின்சாரம் விடக் கூடாது. போர் தொடங்கியபின் எத்தனையோ விதிகளைக் கைவிட்டாயிற்று. இதை மட்டும் யாரும் தொடவில்லை.

“காக்காகூட உக்காரலீங்க, போட்டுக்குங்க” என்பார் மாசாணம், ஒவ்வொரு முறையும் வேலை முடிந்ததும். அதன் பிறகே அவள் அட்டையைக் கழற்றுவாள்.

மேசையிலிருந்த போன் அடித்தது. அதே மின்பாதையில் இருக்கும் ஆஸ்பத்திரி. ஜெனரேட்டரில் டீசல் தீரப்போகிறது, வெண்டிலேட்டரில் இரண்டு பேர் இருக்கிறார்கள் என்று நர்ஸ் மறுபடியும் சொன்னாள். அவள் குரலில் பயம்கூட இல்லை.

“சரிங்க” என்றாள் அன்புச்செல்வி. பக்கத்து அறையில் வேறு யாரோ பேசுவதுபோலத் தன் குரல் அவளுக்குக் கேட்டது.

கைப்பேசியில் கேட்டாள். “எங்கதான் போனாரு? டீ குடிக்கவா?”



“சைரன் அடிச்சதும் எறங்குங்கன்னு கத்துனனுங்க. ‘இந்த ஒரு போல்ட்டுதாண்டா, முறுக்கிப்போட்டு வாரேன்’னாரு. எதுத்த ஒர்க்‌ஷாப்புல இன்னொரு ட்ரோன் விழுந்துச்சு. தகரம் பறந்து வந்து அவரு மேல... நாந்தான் எறக்குனேன். மூச்சு இல்லீங்க.”

ஜன்னலுக்கு வெளியே காந்திபுரம் டவுன் பஸ் ஒன்று ஆளே இல்லாமல் போனது. அது திருப்பத்தில் மறையும்வரை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுகை வரவில்லை. கை கழுவ வேண்டும்போல மட்டும் இருந்தது.

“போல்ட்டு முறுக்கியாச்சுங்க, நான் பாத்தேன். கேட்டுக்கலாம்னா ஆபீசருக்குப் போன் போக மாட்டேங்குது. அம்மணி, கேக்குதுங்களா? போட்டுருங்க.”

ஆஸ்பத்திரி போன் மறுபடியும் அடிக்கத் தொடங்கியது. அவள் விரல்கள் அட்டையின் கயிற்றைப் பிடித்திருந்தன.

“போனை அவரு காதுகிட்ட வைங்க, பஷீரண்ணா” என்றாள். “போடலாமான்னு நான் ஒருக்கா கேட்டுக்கறேன்.”