பசங்க இருக்காங்களா சார்?

சலூன்காரர் தன் வீட்டுக்குள்ளேயே ஒரு ஸ்டூலில், கழுத்தைச் சுற்றித் துண்டு கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பின்னால் அவருடைய ஒன்பது வயது மகள் ஈரச் சீப்போடு நின்றாள். கத்தரிக்கோல் என்பது அவளுடைய இரண்டு விரல்கள்தான். ஆனாலும் அந்த விரல்கள் காதுப் பக்கம் வரும்போதெல்லாம் 'ஏய், மெதுவா' என்கிற சொல் அவர் தொண்டைக்குழி வரை வந்து நின்றது. அதை எச்சிலோடு சேர்த்து விழுங்கினார்.

விழுங்கத்தான் வேண்டும். பள்ளிக்கூடத்து ஆலோசகர் அம்மா அப்படித்தான் சொல்லியிருந்தார். தினமும் பத்து நிமிஷம், அவள் சொல்கிற விளையாட்டு. அந்த நேரத்தில் ஏவல் கிடையாது, கேள்வி கிடையாது, குறை சொல்வதும் கூடாது. கேட்டபோது அவருக்கு எரிச்சல்தான் வந்தது. கூடப் படிக்கிறவளின் பின்னலைப் பாதியில் நறுக்கினாள், தடுக்க வந்த டீச்சரின் கையைக் கடித்தாள், அவளுக்கு விளையாட்டா?

"அடிச்சுப் பாத்தாச்சு இல்லைங்களா, கேட்டாளா?" என்றார் அந்த அம்மா. "இன்னும் நாலஞ்சு வருஷத்துல அவளுக்கு ஒரு சங்கடம்னா யார்கிட்ட ஓடி வரணும்? அதுக்கு வழியை இப்பவே போட்டு வைக்கணும்ங்க. அப்புறம் போட முடியாது."

அவள் யாரிடம் ஓடுவாள் என்பது அவருக்குத் தெரிந்தே இருந்தது. தெருமுனையில் பைக்கைச் சாய்த்து நிறுத்திப் புகைவிட்டுக்கொண்டிருக்கும் பெரிய பையன்கள். அவளைக் கண்டதும் மற்ற வீடுகளில் பிள்ளைகளை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். பிறந்தநாளுக்குக் கூப்பிட ஒரு நாதி இல்லை. அந்தப் பையன்கள் மட்டும்தான், "என்ன ராக்கெட், இன்னைக்கு யார் மண்டையை உடைச்ச?" என்று முகம் மலரக் கேட்பார்கள். அவளும் ஓடிப்போய்க் கதை கதையாகச் சொல்வாள். பெட்டிக்கடையில் அவர்களுக்குச் சிகரெட் வாங்கிக் கொடுக்கவும் பழகியிருந்தாள். அது தெரிந்த அன்று அவர் பெல்ட்டை உருவினார். அவள் அழவேயில்லை.

அவள் அம்மா தூர தேசத்துக்கு வேலைக்குப் போய், அங்கே யாரோ பெற்ற பிள்ளையைக் குளிப்பாட்டிச் சோறூட்டிக்கொண்டிருந்தாள். போன் வந்தால் மகள் அதைக் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போய்விடுவாள்.

வேடிக்கையைப் பாருங்கள், கடையில் குழந்தைகளுக்கு முடி வெட்ட இவரை விட்டால் ஆள் கிடையாது. வீறிடுகிற பிள்ளைகூட இவர் கை பட்டால் அடங்கிவிடும். "ராஜா கொஞ்சம் கீழ பாருங்க... அடடா, என்ன சமத்து!" என்று தேனொழுகப் பேசுவார். அதே நாக்கு வீட்டுக்குள் நுழைந்ததும் 'வை, எடு, நிறுத்து' தவிர வேறொன்றும் அறியாது. இதுவரை விளையாட்டு அரைகுறையாகத்தான் முடிந்திருந்தது. இவர் வாய் தவறி ஏவிவிடுவார். அவள் எல்லாவற்றையும் காலால் எத்திவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவாள். இன்றைக்குத்தான் தானாக ஸ்டூலை இழுத்துப் போட்டு, "உக்காருங்க சார்" என்றாள்.

"கட்டிங்கா சார், ஷேவிங்கா?"

"கட்டிங்."

"மேல ஒண்ணுமே இல்லையே சார். எதை வெட்டுறது?"

"இருக்கறதை வச்சு ஒப்பேத்துங்க."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவர் பிடரியில் வெதுவெதுப்பாக வந்து பட்டது. பிறகு சக் சக் என்று வாயாலேயே சத்தம் கொடுத்துக்கொண்டு விரல்களை ஓட்டினாள். ஆளைப் பேச்சில் இழுக்கிற தோரணையும் அச்சு அசல் இவருடையதுதான்.

"சாருக்கு வீடு எந்தப் பக்கம்?"

"இங்கதான், பக்கத்துல."

"பசங்க இருக்காங்களா சார்?"

"ஒரு பொண்ணு இருக்கா."

சக் சக் நின்றது.

"அன்னைக்குக் கடையில இல்லேன்னு சொன்னீங்களே சார்."

பள்ளிக்கூடத்தில் அவளை வகுப்பில் சேர்க்காமல் வீட்டுக்குத் திருப்பியனுப்பிய நாள் அது. கடைக்குக் கூட்டிவந்து படுக்க வைத்திருந்தவள் திரைக்குப் பின்னால் தூங்குகிறாள் என்று நினைத்திருந்தார். புதிதாக வந்த ஒருவர் பேச்சுவாக்கில் கேட்டார். இவரும் கத்தரியை நிறுத்தாமலே, "இல்லீங்க" என்று சொல்லிவிட்டார்.

'ஒட்டுக் கேக்குறியா?' என்று நாக்கு முந்தியது. அதையும் விழுங்கினார். கடையில் என்றால் எதிரே கண்ணாடி இருக்கும், பின்னால் நிற்கும் முகம் அதில் தெரியும். இங்கே வெறும் சுவர்.

"பொய் சொல்லிட்டேங்க."

"ஏன் சார்?"

"இருக்கான்னு சொன்னா, எப்படிப் படிக்கிறா, சமத்தான்னு அடுத்தடுத்துக் கேப்பாங்க. சொல்ல வாய் வரல. அவளுக்கு என்ன பிடிக்கும்னு கேட்டாக்கூட எனக்குத் தெரியாதுங்க."

அந்த நேரம் பார்த்துத் தெருவில் பைக் ஒன்று உறுமியது. "ராக்கெட்! ஏய் ராக்கெட், வாடி!" என்று குரல் வந்தது. சீப்பு அவர் தலையை விட்டு விலகியது.

போகாதே என்றால் அது ஏவல். போகிறாயா என்றால் அது கேள்வி. இரண்டுமில்லாத ஒரு சொல்லை இத்தனை வயதில் அவர் தேடிப் பார்த்தார், கிடைக்கவில்லை. துண்டின் நுனியைப் பிடித்துக்கொண்டு சுவரையே பார்த்தபடி இருந்தார்.

மறுபடி ஹாரன் அடித்தார்கள்.

காதுக்கு மேலே மிஞ்சியிருந்த முடியில் சீப்பு வந்து பதிந்து ஒரு வகிடு எடுத்தது. பிடிக்கவில்லை போலிருக்கிறது, சின்ன உள்ளங்கை ஒன்று அதை அழித்தது. திரும்பவும், இன்னும் கொஞ்சம் மேலிருந்து தொடங்கி, அந்தக் கோடு மெல்ல மெல்லப் பின்னால் போய்க்கொண்டிருந்தது. கழுத்தில் வழிந்த தண்ணீரை அவர் துடைத்துக்கொள்ளவில்லை.