ஊசியின் ஓட்டு

மெசேஜ் அனுப்ப எந்த ஆப் என்று முடிவு செய்ய நாலு பெண்களுக்குப் பதினோரு நாள் போதவில்லை என்றால் கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். அவர்களில் ஒருத்தியான மிளகாய்க்குச் சிரிப்பு வரவில்லை. பதினோரு நாளும் அவளுக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது.

நாலு பேரும் ஒரு காலத்தில் பெண்கள் விடுதியில் ஒரே அறையில் ஆறு வருஷம் இருந்தவர்கள். பட்டப்பெயரெல்லாம் அங்கே வைத்தவைதான். வாய் ஓயாதவள் ரேடியோ; இப்போது வேறு ஊரில் விமான டிக்கெட் போட்டுக் கொடுக்கிறாள். இன்னொருத்தி மழலையர் பள்ளியில் டீச்சர். ஒல்லிக்குச்சி ஊசி, மருந்துக் கடையில் வேலை. கோபம் மூக்கு நுனியில் நிற்பவள் மிளகாய். பல் செட் செய்கிற லேபில் மெழுகில் பல் பதிப்பது அவள் தொழில். கல்யாணம் செய்துகொள்ளாதவள். அந்த அறையில் ஒரே ஒரு சட்டம் இருந்தது. நாலு பேரும் சரி என்றால்தான் எதுவும் சரி. ஃபேன் எந்த வேகத்தில் ஓட வேண்டும் என்பதற்குக்கூட ஓட்டுப் போட்டவர்கள் அவர்கள். இன்று வரைக்கும் அந்தச் சட்டத்தை யாரும் மாற்றவில்லை.

இத்தனை வருஷம் பேசிவந்த பழைய ஆப்பை மாசக் கடைசியோடு மூடுகிறோம் என்று அந்தக் கம்பெனி சொல்லிவிட்டது. ரேடியோவுக்கு நீல ஆப் வேண்டும். அதில் பூனை இடுப்பை ஆட்டுகிற ஸ்டிக்கர் இருக்கிறதாம். டீச்சருக்கும் நீலம்தான், பிள்ளைகளின் அம்மாக்கள் எல்லாரும் அதில் இருக்கிறார்கள். மிளகாய் ஒருத்தி மட்டும் சாம்பல் ஆப் என்று ஒற்றைக்காலில் நின்றாள். அதைத் திறக்கத் தனி பாஸ்வேர்டு. படித்து முடித்த மெசேஜ் தானாக அழிந்துபோகும். நாம என்ன பேங்கையா கொள்ளையடிக்கப் போறோம் என்று ரேடியோ கேட்டாள். கேட்டுவிட்டு ஆடுகிற பூனையை ஏழு தடவை அனுப்பினாள்.

காரணத்தைச் சொன்னால் தீர்ந்தது. ஆனால் அதைச் சொல்லத்தான் முடியாது. ஊசியின் வீட்டுக்காரன் டயர் கடை வைத்திருப்பவன். தினமும் அவள் போனை வாங்கி, மேலிருந்து கீழ் வரை ஒரு வரி விடாமல் படிப்பான். பிடிக்காத வரி ஒன்று கண்ணில் பட்டால் கேள்வி ஆரம்பிக்கும். கேள்வி எங்கே போய் முடியும் என்பதை ஊசியின் முழங்கைக்கு மேலே இருந்த கருநீலமாகக் கன்றிய தடம் சொல்லியது. மருந்து பாட்டிலை மேல் தட்டில் வைக்கக் கையைத் தூக்கியபோது மிளகாய் அதைப் பார்த்துவிட்டாள். அன்றைக்குத்தான் ஊசி வாயைத் திறந்தாள். இரண்டு வருஷமாக அவள் குரூப்பில் எழுதியதெல்லாம் 'நல்லா இருக்கேன்', 'சாப்பிட்டேன்' மட்டும்தான். சாம்பல் ஆப் வந்தால் உங்க மூணு பேர்கிட்டயாவது மனசு விட்டுப் பேசுவேன், ஆனா நானே சொல்ற வரைக்கும் என் பேரை இழுக்காதே என்று கேட்டுக்கொண்டாள்.

ரேடியோவிடம் தனியாகச் சொல்லலாம் என்றால், அவளுக்குச் சொல்வதும் மைக் வைத்துச் சொல்வதும் ஒன்றுதான். டீச்சரின் வீட்டுக்காரரோ டயர் கடைக்காரனுக்குச் சித்தப்பா மகன். ஆக மிளகாய் காரணமே சொல்லாமல் பதினோரு நாள் கத்தினாள். பிடிவாதக்காரி என்று பேர் வாங்கினாள். தனியா இருந்து இருந்து இவளுக்கு அனுசரிச்சுப் போகவே தெரியல என்று டீச்சர் எழுதியபோது, போனைத் தூக்கிச் சுவரில் அடிக்கலாமா என்று இருந்தது.

பன்னிரண்டாம் நாள் மதியம் சாப்பாட்டு டப்பாவோடு மருந்துக் கடைக்குப் போனாள். பின்பக்கம் அட்டைப்பெட்டிகள் அடுக்கிய சின்ன அறை. இரண்டு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்கள். ஓட்டு ஏன் இன்னும் போடவில்லை என்று மிளகாய் கேட்டாள். போன் கையில் இல்லை என்றாள் ஊசி. பேட்டரி நிற்கவில்லை, மாற்றிக்கொண்டு வருகிறேன் என்று வீட்டுக்காரர் காலையில் கடைக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டாராம்.

அவள் சொல்லி முடிப்பதற்குள் மிளகாயின் போன் ஒலித்தது. குரூப்பில் ஊசியின் பெயரில் ஒரு மெசேஜ்.

"எனக்கு நீலமே போதும். ஒளிச்சுப் பேசறதுக்கு நமக்குள்ள என்ன இருக்கு?"

எதிரே ஊசி டப்பா மூடியைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். இரண்டு பேரும் அந்த வரியைப் பார்த்தார்கள். மிளகாய்க்கு உள்ளங்கால் முதல் உச்சந்தலை வரை ஜிவ்வென்று கோபம் ஏறியது. அவன் மேல் பாதி, தன் மேல் பாதி. பேரைச் சொல்லாமல் இருந்தால் போதும் என்று நினைத்தாளே, மடச்சி. தானாக அழிகிற ஆப் வேண்டும், பூட்டுப் போட்ட ஆப் வேண்டும் என்று பதினோரு நாள் தொண்டை கிழியக் கத்தியது எங்கே? அவன் தினமும் உட்கார்ந்து படிக்கிற அதே குரூப்பில். திருடனுக்கு எதிரிலேயே பூட்டு வாங்கிக் கொடு என்று கேட்டிருக்கிறாள். யாருக்காக இந்தப் பூட்டு என்று யோசிக்காமல் இருக்க அவன் ஒன்றும் முட்டாள் இல்லை.

நாக்கில் வந்த வசவையெல்லாம் டைப் செய்தாள். பரம்பரையையே இழுத்தாள். அனுப்பப் போகிற நேரத்தில் ஊசி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அதை அனுப்பிட்டு நீ லேபுக்குப் போயிடுவே. நான்தான் அந்த வீட்டுக்குப் போகணும்."

மிளகாய் ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள். ஊசி டப்பாவை மூடி வைத்தாள். இந்த வரிக்கு இன்றைக்கு வீட்டில் என்ன கேள்வி வரும் என்று அவளுக்குத் தெரியும், கேள்விக்குப் பிறகு என்ன வரும் என்றும் தெரியும். இனிமேல் அந்த வீட்டில் இருக்கப் போவதில்லை என்றாள். ஆனால் பார்மசி சர்டிஃபிகேட்டும் அடையாள அட்டையும் வீட்டு பீரோவில் இருக்கின்றன. அவை இல்லாவிட்டால் எந்தக் கடையிலும் வேலை கிடைக்காது. மணி ஒன்று ஐந்து. ஒன்றரைக்கு அவன் சாப்பிட வீட்டுக்குப் போய்விடுவான்.

"ஒரு மணி நேரம் அவரைக் கடையை விட்டு எந்திரிக்க விடாதே. எப்படியாவது," என்று சொல்லிவிட்டு ஊசி பின்வாசல் வழியாகக் கிளம்பினாள். வந்து சேர வேண்டிய இடம் மிளகாயின் லேப். அது எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது.

எப்படி என்று யோசித்துக்கொண்டே மிளகாய் ஓட்டமும் நடையுமாக லேபுக்கு வந்தாள். வண்டி ஓட்டிக்கொண்டு ஒருத்தனால் டைப் செய்ய முடியாது. அப்படியானால் அவனுக்கு ஒரு நிமிஷம்கூட இடைவெளி விடக் கூடாது. அடுத்தவர் போனைப் படிக்கிறவனுக்கு எதில் ருசி? ஒளித்து வைத்த விஷயத்தில்தான். அவளிடம் அப்படி ஒன்றும் இல்லை. இல்லாவிட்டால் என்ன, உண்டாக்கினால் ஆயிற்று.

ஒன்று இருபதுக்கு எழுதினாள். சாம்பல் ஆப் எதுக்குன்னு இன்னிக்கு சொல்லிடறேன், எனக்கு ஒருத்தரோட பழக்கம் இருக்கு, அவருக்குக் கல்யாணம் ஆயிடுச்சு.

ரேடியோ அந்தப் பக்கம் நாற்காலியிலிருந்து விழுந்திருக்க வேண்டும். பூனை, கரடி, கண் பிதுங்கிய வாத்து என்று வரிசையாக வந்தன. டீச்சர் ஐயையோ என்று ஒரே ஒரு சொல் எழுதினாள். அப்புறம் ஊசியின் பெயரில் வந்தது: "யாருடி? எத்தனை நாளா?" வாய் கூசாமல் டி போடுகிறான் பார் என்று மிளகாய் மனசுக்குள் காறித் துப்பினாள். துப்பிவிட்டு, உன்கிட்ட சொல்லாம யார்கிட்ட சொல்லப் போறேன் கண்ணு என்று எழுதினாள். அந்தக் 'கண்ணு'வை அவனுக்கு எழுத நேர்ந்ததே என்று விரல் எரிந்தது.

இடது கை போனில், வலது கை மெழுகில். ஒரு ரிட்டயர்டு நீதிபதியின் மேல்வரிசைப் பல் அன்றைக்கே போயாக வேண்டும். லேப் பொறுப்பாளர் இரண்டு தடவை வந்து தொண்டையைச் செருமினார். மிளகாய் நிமிரவே இல்லை. அந்த ஆளுக்கு லாரி ஆபீசில் வேலை என்றாள். முதல் தடவை பார்த்தது பஸ்ஸில் என்றாள். அவன் பெண்டாட்டிக்குச் சந்தேகம் வந்துவிட்டது என்றாள். நடுநடுவே, ஊசி, நீ இருக்கியா, நான் பண்ணது தப்பா சொல்லு என்று பெயர் சொல்லிக் கேட்டாள். பேர் சொல்லிக் கேட்டால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். ஒன்றரை தாண்டியது. ஒன்றே முக்காலும் தாண்டியது. டயர் கடைக்காரன் சோற்றை மறந்துவிட்டு, ஹோட்டலுக்குப் போனீங்களா, அந்த ஆள் பணம் ஏதாவது கொடுத்தானா என்று கேட்டுக்கொண்டிருந்தான். உன் பெண்டாட்டி வாயில் இந்தக் கேள்வி வருமா, நாயே, என்று மிளகாய் வாய்விட்டே சொன்னாள். பக்கத்து மேஜைக்காரர் பயந்துபோய்த் தன் வேலையைப் பார்த்தார்.

இந்த ஊரில் அவள் பேர் இனிமேல் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். சாயங்காலத்துக்குள் ரேடியோ நாற்பது பேருக்குச் சொல்லிவிடுவாள். டீச்சர் வீட்டில் இன்றைக்கு இதுதான் பேச்சாக இருக்கும். தனியாக இருக்கிற பெண் என்று யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது என்று பத்து வருஷம் குனிந்த தலை நிமிராமல் பஸ் ஏறி இறங்கியவள் அவள். பத்து வருஷத்தை ஐம்பது நிமிஷத்தில் அவளே குப்பையில் கொட்டினாள். அழுகை வந்தது. அது துக்கத்தில் வந்த அழுகை இல்லை, ஆத்திரத்தில் வந்தது.

இரண்டேகாலுக்கு ஊசி வந்தாள். தோளில் ஒரு பை, கையில் ஒரு ஃபைல், மேல்மூச்சு கீழ்மூச்சு. போனை வாங்கி, நடந்ததையெல்லாம் மேலிருந்து கீழ் வரை படித்தாள். தன் பெயரில் கேட்டிருந்த கேள்விகளையும் படித்தாள். கடைசியாக, "அந்த ஆள் பேரையாவது சொல்லுடி" என்று இருந்தது. அவள் மிளகாயின் முகத்தைப் பார்த்தாள். பிறகு மைக் பட்டனை அழுத்தி, எல்லாருக்கும் கேட்கும்படி தன் சொந்தக் குரலில் பேசினாள்.

"நான்தான் பேசறேன். மத்தியானத்துலேர்ந்து என் பேர்ல எழுதிட்டிருக்கறது நான் இல்ல, எங்க வீட்டுக்காரர். எங்கிட்ட போனே இல்ல. மிளகா சொன்னது அத்தனையும் பொய், எனக்காகச் சொன்ன பொய். அவர் என்னை அடிக்கிறார். நான் வீட்டை விட்டு வந்துட்டேன்."

குரூப்பில் பூனை வரவில்லை. மூன்று பேரும் கேட்டுவிட்டார்கள் என்று திரை காட்டியது. கொஞ்ச நேரம் கழித்துக் கீழே ஒரு வரி தோன்றியது: ஊசி டைப் செய்கிறார். நின்றது. மறுபடியும் தோன்றியது, மறுபடியும் நின்றது. ஊசி தன் பெயரையே பார்த்துக்கொண்டு நின்றாள். மிளகாய் அவனுக்கு என்ன பதில் கொடுக்கலாம் என்று போனுக்குக் கையை நீட்டினாள். ஊசி போனைக் கவிழ்த்து மேஜையில் வைத்தாள்.

"தட்டிக்கிட்டே இருக்கட்டும்," என்றாள். "எனக்குப் பசிக்குது. உன் டப்பாவுல ஏதாவது மிச்சம் இருக்கா?"