கீர்த்தனியின் இடது செவிப்பறை

செவிப்பறை என்பது காதுக் குழாயின் அடியில் இழுத்துக் கட்டிய சிறு தோல். வெளியேயும் காற்று, உள்ளேயும் காற்று. இரண்டும் ஒரே அளவில் தள்ளுவதால்தான் அது நிலையாக நிற்கிறது. விரிந்த உள்ளங்கை ஒன்று காதைப் பொத்தினாற்போல் வந்து விழுந்தால் குழாய்க்குள் இருக்கிற காற்றுக்கு வெளியே போக வழியில்லை. உள்ளேதான் பாயும். தோல் கிழியும்.

பதினாறு வயதுக் கீர்த்தனிக்கு இதைப் படிப்பித்தவர் ரியூசன் விஞ்ஞானம் எடுக்கும் இரத்தினசிங்கம் சேர். நேற்று வகுப்பில் சிரித்ததற்காக அவளை அறைந்தவரும் அவர்தான்.

இன்று அவளையும் அம்மாவையும் கப்பல்துறைக் கிராமத்தில் இருந்து ஆஸ்பத்திரிக்குத் தன் வான் வண்டியிலேயே ஏற்றிவந்தார். வழியில் சொன்னார்: "டொக்டர் கேட்டா சைக்கிளால விழுந்ததெண்டு சொல்லுங்கோ. அடிச்சதெண்டா ஆஸ்பத்திரிப் பொலிசுக்குப் போகும். ஓ.எல். சோதனைக்கு மூண்டு மாசம்தான் கிடக்கு. பிள்ளைக்குத்தான் கரைச்சல்."

"ஓம் சேர்," என்றாள் அம்மா ஜெயரூபி. மகளின் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரித் துண்டில் 'விழுந்தது' என்று ஏறிவிட்டால் அதுதான் நடந்தது என்று ஆகிவிடும். திங்கட்கிழமை ரியூசன் வகுப்பில் அதே வாங்கில் போய் இருக்கவேண்டும். நாற்பது பிள்ளைகளும் கரும்பலகையைப் பார்ப்பதில்லை, சேரின் கையைத்தான் பார்ப்பார்கள். கீர்த்தனிக்குப் போன மாதப் பாடம் ஒன்றுமே மண்டையில் ஏறவில்லை.

டொக்டர் ஹுஸ்னியா காதுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். "எப்பிடி நடந்தது தங்கச்சி?"

"சைக்கிளால விழுந்தவள்," என்றாள் ஜெயரூபி.

"நான் பிள்ளையிட்டக் கேட்டனான்."

கீர்த்தனி இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து மேசையில் வைத்தாள். "விழுறவை முதல்ல கையைத்தான் ஊண்டுவினம், டொக்டர். பாருங்கோ, ஒரு கீறல் இல்ல. செவிப்பறை கிழியிறதுக்குக் காத்து அடைபடவேணும். ரோட்டு காதைப் பொத்தாது. கைதான் பொத்தும். இந்தா நிக்கிற சேரின்ர வலக்கை."

"கீர்த்தனி!" சேரின் கை தன்பாட்டில் மேலே போனது. அவளுடைய தோளும் தன்பாட்டில் ஒடுங்கியது. அது அவளுக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் வாய் நிற்கவில்லை.

"கண்டீங்கள்தானே டொக்டர். இதையும் எழுதுங்கோ."

"சேர், நீங்க வெளியில நில்லுங்க," என்றார் ஹுஸ்னியா.

சேர் ஜெயரூபியைப் பார்த்தார். அவள் எழும்பிப்போய் அவருக்குக் கதவைத் திறந்துவிட்டாள்.

டொக்டர் பேனையை எடுத்தார். "சொல்லுங்க, எங்க இருந்து தொடங்குவம்?"

"எனக்கு முந்தி எங்கட வகுப்பு அஸாமுக்கு அடிச்சவர் சேர்," என்றாள் கீர்த்தனி. "அதில இருந்து சொல்லுறன்."