எல்லாமே கடைசி ஒண்ணு

மாமனாரின் துணிக்கடை மாடியில், போர்வைக் கட்டுகளுக்கு நடுவே, காலையிலிருந்து குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தேன். சொந்தக்காரனுக்குக் கணினி நிரல் எழுதுவதைவிட மூட்டை தூக்கலாம். இறக்கி வைத்தால் தோளாவது நிம்மதியாகும்.

வேலை பெரிதில்லை. கடைச் சரக்கெல்லாம் ஒரு கோப்பில் வரிவரியாகக் கிடந்தது. ஒவ்வொன்றையும் நிரலுக்குள் ஓர் ஆப்ஜெக்டாக மாற்ற வேண்டும்: நிறம், அகலம், இருப்பு எது கேட்டாலும் தானே பதில் சொல்லும்படி. அதை நம்பித்தான் கடையின் இணையதளம். மைத்துனன் தன் முயற்சியில் பிடித்த முதல் வாடிக்கை ஒரு மருத்துவமனை; இருநூறு படுக்கை விரிப்பு. இது கைநழுவினால் அவன் கணினியை ஓரங்கட்டிவிட்டுத் தன் பக்கத்தில் துணி மடிக்க உட்கார வேண்டியதுதான் என்று மாமனார் சொல்லிவிட்டிருந்தார்.

இருப்பு என்ற இடத்தில் எண்ணுக்குப் பதில் எழுத்து வந்து நிரல் முரண்டு பிடித்தது. எட்டிப் பார்த்தேன். "கடைசி ஒண்ணு" என்றிருந்தது. இப்படி வந்தால் 1 என்று எடுத்துக்கொள் என ஒரு வரி சேர்த்தேன். சமர்த்தாக ஓடியது. களைத்தவனுக்கு ஓடுகிற நிரலே நல்ல நிரல். மற்ற வரிகளை நான் பார்க்கவில்லை. தளத்தைத் திறந்துவிட்டேன்.

சற்று நேரத்தில் மைத்துனன் போனும் கையுமாக ஏறி வந்தான்.

"அத்தான், ஆஸ்பத்திரி அம்மா பேசினாங்க. ஒரே ஒரு விரிப்பை வச்சுக்கிட்டா கடை நடத்துறீங்கன்னு கேக்குறாங்க. சாயங்காலத்துக்குள்ள சரியாகலேன்னா வேற இடம் பாப்பாங்களாம்."

கோப்பை உருட்டினேன். போர்வை, கடைசி ஒண்ணு. திரைச்சீலை, கடைசி ஒண்ணு. கால்மிதி வரைக்கும் அதே கதை.

"இதை யாரு எழுதச் சொன்னா?"

"அப்பாதான். அவர் சொல்லச் சொல்ல அடிச்சேன்."

பின்னாலேயே வந்த மாமனார் மறுக்கவில்லை. "ஆமா மாப்பிள்ளை. கட்டுக்கட்டா இருக்குன்னு தெரிஞ்சா எவன் சொன்ன விலைக்கு வாங்குவான்? என் இருப்பு உங்க அத்தைக்கே தெரியாது."

"நிரலுக்காவது தெரியணும் மாமா."

"அது ஊருக்கெல்லாம் சொல்லிடும்."

வாதாடத் தெம்பில்லை. "சொல்லாது. எண்ணை ஆப்ஜெக்டுக்குள்ளயே பூட்டிடறேன். எவ்வளவு இருக்குன்னு கேட்டா வாயே திறக்காது. இருநூறு கிடைக்குமான்னு கேட்டா கிடைக்கும், கிடைக்காது. அவ்வளவுதான்."

மாமனார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "இப்படி ஒரு ஆள் கிடைக்காமத்தான் இத்தனை வருஷமா நானே கல்லாவுல உட்கார்ந்திருக்கேன்."

"எண்ணிக்கையை நீங்க அத்தான்கிட்ட சொல்லுங்கப்பா, நான் கீழ நிக்கிறேன்" என்று மைத்துனன் நகர்ந்தான்.

மாமனார் அவனைத் தடுத்தார். "இரு. கட்டை யாரு பிரிக்கிறது?"

அவர் எண்ணினார், அவன் பிரித்தான், நான் கோப்பில் எண்ணை அடித்தேன்.

"இவ்வளவா இருக்குப்பா?"

"மெல்லப் பேசு."

வெயில் இறங்கும் நேரத்தில், சரிசெய்த தளத்தில் ஆஸ்பத்திரி ஆர்டர் வந்தது. மைத்துனன் போனை நீட்டினான். மாமனார் இரண்டு தரம் படித்தார்.

"பேரமே பேசலையா?"

"இல்லப்பா. போட்ட விலைக்கே எடுத்துக்கிட்டாங்க."

அவர் ஒரு கட்டின்மேல் தொப்பென்று உட்கார்ந்தார். "அப்ப குறைச்சுல்ல போட்டுட்டோம்." போனை மகனிடமே திருப்பிக் கொடுத்தார். "இனிமே விலையை நீயே போடு. எனக்கு இந்த ஆட்டம் பிடிபடாது."

மைத்துனன் போனைச் சட்டைப்பையில் போட்டான். பிறகு என் பக்கம் திரும்பினான்.

"அத்தான், அப்ப விலையை மாத்தவும் ஒரு வழி எழுதித் தரணும்ல?"

மூடின கணினியைத் திறந்தேன்.