புல்வெட்டு வரிசையில் என் பெயர்

பசுமை வேலைவாய்ப்பு என்றார்கள். பச்சையைப் பற்றி எங்களுக்கே வந்து பாடம் எடுக்கிறார்கள். பரம்பரை பரம்பரையாகப் பச்சையைக் கிள்ளித்தானே வயிறு வளர்த்தோம்!

தெமோதரைக்கு மேலே, எங்கள் தோட்டத்தில் தேயிலை அழிந்து மானாப்புல் மண்டிக் கிடந்த ஒரு மலையைச் சூரிய மின்சாரக் கம்பெனி ஒன்று குத்தகைக்கு எடுத்தது. கொட்டகை போட்டுக் கூட்டம் வைத்துத் திரையில் படம் காட்டினார்கள். கோடிக்கணக்கில் முதலீடு வருகிறதாம், ஊவா மாகாணமே விடியப் போகிறதாம், வேலையில் தோட்டத்துப் பிள்ளைகளுக்குத்தான் முதலிடமாம். இதையெல்லாம் பேசியவர் புவனேந்திரன். பதுளை டவுன்காரர், கம்பெனிக்கு ஆள் சேர்க்கிற மேனேஜர். நல்ல தமிழில் நம்ம ஆள் மாதிரி பேசினார். அதில்தான் ஏமாந்தோம்.

நான் சஜீவனி. பதுளையில் மின்சார வேலை படித்து, சோலார் பொருத்துவதற்குத் தனியாகச் சான்றிதழும் வாங்கியவள். அம்மா நேசராணி மழையிலும் அட்டைக்கடியிலும் கொழுந்து பறித்துத்தான் என்னைப் படிக்க வைத்தார். கூட்டம் முடிந்ததும் சான்றிதழைக் கொண்டுபோய்க் காட்டினேன். டெக்னீஷியன் வேலைக்கு இப்படி ஒரு பெண்ணைத்தான் தேடுகிறோம், திங்கட்கிழமை காலையில் கம்பெனி வாசலுக்கு வந்தால் பெயர் கூப்பிடுவோம் என்றார் புவனேந்திரன். கூடையும் சுமக்காமல், கொழும்புக்கு வீட்டு வேலைக்கும் போகாமல், படித்த வேலையைச் சொந்த ஊரிலேயே பார்க்கப் போகிறேன் என்று எங்கள் லயத்து வீடுகள் முழுக்கச் சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காய்ச்சல் வந்து விழுந்தேன். திங்கள் காலையில் கண்ணைத் திறக்க முடியவில்லை.

தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் பெயரைக் கூப்பிட்டால் யாராவது குரல் கொடுத்தாக வேண்டும். இல்லாவிட்டால் பெயர் வெட்டுப்படும். பெயருக்குரியவளுக்கு முடியாவிட்டால் தாயோ தங்கச்சியோ அவள் பெயருக்குப் போய் நின்று, அன்றைய வேலையை முடித்துவிட்டு வருவார்கள். கங்காணியும் கண்டுகொள்ள மாட்டார். அதிலேயே ஊறிப்போன அம்மாவுக்குக் கம்பெனி வாசலும் பெரட்டுக்களம்தான். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போய், என் பெயரைக் கூப்பிட்டதும் "இருக்கேங்க" என்றிருக்கிறார். கையில் புல் வெட்டும் கத்தியைக் கொடுத்தார்கள். மகளின் பெயரைக் காப்பாற்றிவிட்டோம் என்ற சந்தோஷத்தில் பொழுது சாயும்வரை வெட்டிவிட்டு வந்தார்.

ஐம்பதைத் தாண்டிய ஒரு மனுஷி இருபத்து மூன்று வயதுப் பெண்ணின் பெயருக்குக் குரல் கொடுக்கிறார். அங்கே நின்ற ஒருவனும் தலையை நிமிர்த்திப் பார்க்கவில்லை. கூலிக்காரிதானே, யாராக இருந்தால் அவர்களுக்கு என்ன!

காய்ச்சல் விட்டதும் அம்மாவோடு கம்பெனி ஆபீசுக்குப் போனேன். புவனேந்திரன் உதட்டைப் பிதுக்கினார்.

"ஒங்கம்மா ஒங்க பேர்ல புல்லு வேலைக்கு சேர்ந்துட்டாங்களே. ஒரு ஆளுக்கு ரெண்டு வேலை போட ஏலாது. அவங்க வராம இருந்திருந்தா அந்த இடத்த ஒங்களுக்குத்தான் வச்சிருப்பேன்."

இப்போதைக்குப் புல் வெட்டுங்கள், அடுத்த கட்டத்தில் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார். வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டார். "எம் புள்ள சோத்துல நானே மண்ணள்ளிப் போட்டுட்டேனே." எனக்கும் அவர்மேல் ஆத்திரம்தான். எழுப்பி ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? ஆனால் அப்படி அழுகிறவரிடம் என்னத்தைச் சண்டை போடுவது?

புல் வெட்டப் போனேன். சோலார் பலகைச் சட்டங்களில் ஏறி நின்று ஆண்கள் கம்பி இணைத்தார்கள். அது நான் படித்த வேலை. கீழே பெண்கள் நாங்கள் வரிசையாகக் குனிந்து மானாப்புல் வெட்டினோம். தேயிலை இருந்த இடத்தில் கண்ணாடி வந்திருக்கிறது, எங்கள் முதுகு மட்டும் அப்படியே வளைந்திருக்கிறது.

ஒருநாள் மேலே வேலை செய்த ஷுக்ரி தண்ணீர் குடிக்க இறங்கினார். எப்போது வேலைக்குச் சேர்ந்தீர்கள் என்று சும்மாதான் கேட்டேன். அவரும் ஒளிக்காமல் சொன்னார்.

"நாங்க எல்லாரும் கொழும்புலயே சேந்துட்டோம், ஒங்கட கூட்டம் நடக்க முந்தியே. இந்த சைட்டுக்கு இனி டெக்னீஷியன் எடுக்க மாட்டாங்க."

கத்தியைக் கீழே போட்டேன். அப்படியே இறங்கி, மடுவக் கொட்டகையில் கொழுந்து நிறுக்க நின்ற அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஆபீசுக்குள் நுழைந்தேன். வேலை கேட்டு வரவில்லை என்று புவனேந்திரனிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

"டெக்னீஷியன் வேலையெல்லாம் கூட்டத்துக்கு முந்தியே குடுத்து முடிச்சாச்சுன்னு எங்கம்மாகிட்ட சொல்லுங்க சார். அவங்களால ஒண்ணும் கெடலன்னு ஒங்க வாயால சொல்லுங்க."

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். பிறகு குரலில் தேன் தடவிக்கொண்டு வந்தார். இதைப் பெரிதுபடுத்த வேண்டாமாம். வெள்ளிக்கிழமை முதலீட்டுக்காரர்கள் வெளிநாட்டிலிருந்து வருகிறார்களாம். படித்த தோட்டத்துப் பெண் ஒருத்தி இங்கே டெக்னீஷியனாக இருக்கிறாள் என்று அவர்களுக்கு ஏற்கெனவே சொல்லியாகிவிட்டதாம். நான் தொப்பி போட்டுக்கொண்டு படத்துக்கு நின்றால் போதுமாம். மனுஷனுக்குக் கொஞ்சமாவது வெட்கம் வேண்டாமா?

அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப நான் கெடுக்கலீங்களா?" என்று கேட்டார். புவனேந்திரன் போனை எடுத்துத் தடவினார். நாற்காலியில் உட்கார்ந்தவர் யாராக இருந்தாலும் அம்மாவுக்கு ஐயாதான். கணக்கப்பிள்ளைக்கு முன்னால்கூட அவர் குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை.

"எம் மக பேர வெட்டு தம்பி," என்றார் அம்மா. "படம் புடிக்க வேற ஆளப் பாரு."

வெளியே வந்தோம். அம்மாவின் மனசில் இருந்த பாரம் இறங்கியது, அந்த மட்டும் போதும் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், என்னோடு புல் வெட்டிய ஜெயந்தினி எங்கள் லயத்துக்கு வந்தாள். வாசலிலேயே நின்று அழுதாள். வந்த வெள்ளைக்காரர்களுக்கு முன்னால் அவளுக்குத் தொப்பி மாட்டி, கையில் ஸ்பேனரைக் கொடுத்துப் படம் எடுத்திருக்கிறார்கள். இவள்தான் சஜீவனி, எங்கள் டெக்னீஷியன் என்றாராம் புவனேந்திரன்.

"ஒன் பேரச் சொன்னாங்கக்கா. நானும் தலைய ஆட்டிட்டேன்."

அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. என் பெயரும் என் படிப்பும் அந்த மலையில் வேலை பார்க்கின்றன. வேலை இல்லாமல் வீட்டில் கிடப்பவள் நான் மட்டும்தான்.